கையும் ஏடும்: தமிழகக் கல்வி வரலாற்றில் செயல்வழிப் பயிற்சி

கல்வி என்னும் சொல் ‘கல்’ என்னும் அடியிற் பிறந்தது. அவ்வடிக்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு. நிலத்தைக் கல்லுதலும் நூலைக் கற்றலும் ஒரு வேரின எனக் கொள்வாரும் உளர். வேறு எனக் கொள்வாரும் உளர். அவ்வாராய்ச்சியில் நாம் ஈண்டுப் புகவில்லை. எனினும் பயிலுதல், பழகுதல், தேர்தல் என நம் மொழியில் வழங்கும் சொற்கள் யாவும் ஒரு செயலைப் பலகாற் செய்து கைவரப் பெறுதலையும் உடன் உணர்த்துதலை எவரும் மறுக்கவியலாது. கைவருதல் என்னும் தொடரே இதற்குச் சான்றாகும். அறிவு நிரம்பப் பெற்றான் ஒருவனைக் குறித்து ‘அக்கலை அவனுக்குக் கைவந்தது’ என்றே கூறுகின்றோம்; ‘தலைவந்தது’ என யாரும் கூறுவதில்லை.

சொல்லளவில் இவ்வாறு இணைந்து நிற்கும் கையும் கல்வியும் நம் வரலாற்றில் எவ்வளவு இணைந்து நின்றன, எங்குப் பிரிந்தன, பிரித்தவர் யாவர், மீண்டும் சேர்க்க முயன்ற போது நேர்ந்தவை யாவை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். செய்து கற்றல் என்பது மேலைநாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்று கருதுவார் ஒரு சாரார். அது நம் முன்னோர் குறைவற நடத்திய பழமை என்று பெருமை பேசுவார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் உண்மையின் ஒவ்வொரு கூறே என்பது நம் துணிபு.

1. செவிவழியும் கைவழியும்

பண்டைத் தமிழகத்தில் கல்வி இரு வழியாக இயங்கிற்று. ஒன்று நூற்கல்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன் இலக்கணத்தையும், பாடஞ் சொல்லும் முறையையும், மாணாக்கன் கொள்ளும் முறையையும் விரித்துரைக்கின்றது. ஆண்டுக் கேட்டலும், கேட்டதை உளத்திற் பதித்தலும், பலகால் மீண்டும் ஓதுதலும், தம்முள் வினாவி விடை காண்டலுமே கற்றலாகக் கூறப்படுகின்றன. செவியும் நெஞ்சும் அக்கல்வியின் கருவிகள். கைக்கு ஆண்டு இடம் சிறிதே.

மற்றொன்று தொழிற்கல்வி. தச்சன், கொல்லன், கன்னான், தட்டான், சிற்பி, நெசவாளன், குயவன் ஆகியோர் தம் பட்டறையிலேயே தம் மக்களைப் பழக்கினர். சிறுவன் முதலில் துருத்தி ஊதுவான். பின்னர்க் கருவிகளைத் தீட்டிக் கொடுப்பான். அதன் பின்னரே உளியைத் தொடுவான். ஆண்டுச் சொல்லால் விளக்குதல் குறைவு. கண்டு செய்தலும், செய்து கெடுத்தலும், கெடுத்ததைத் திருத்துதலுமே பாடம். செம்பின் உருகுநிலையை அவன் எண்ணால் அறியான். நெருப்பின் நிறத்தால் அறிவான். இந்த அறிவின் ஆழத்திற்குச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளே சான்றாக நிற்கின்றன.

இவ்விரு வழிகளும் தம்முள் அருகியே கலந்தன. சிற்பியர்க்குச் சிற்ப நூலும், மருத்துவர்க்கு மருத்துவ ஏடும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் எவ்வழியிற் செல்லுதல் என்பதை மாணவனின் விருப்போ ஆற்றலோ முடிவு செய்யவில்லை. பெரும்பாலும் பிறப்பே முடிவு செய்தது. இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுதும் இவ்வொரு முடிச்சையே சுற்றி வருகின்றது.

2. திண்ணையில் மணலும் நெல்லும்

இரு வழிகளும் ஓரளவு சந்தித்த இடம் திண்ணைப் பள்ளி. விசயதசமியன்று சிறுவனை அமர்த்தி, பரப்பிய மணலில் அல்லது அரிசியில் அவன் விரலை ஆசிரியர் பற்றி முதலெழுத்தை எழுதுவிப்பார். எழுத்தின் வடிவம் கண்ணுக்குப் புலனாகும் முன்னரே விரலுக்குப் புலனாயிற்று. மணலிற் பிழை நேரின் உள்ளங்கையால் ஒருமுறை தடவ அஃது அழிந்துவிடும். ஓலையோ அத்தகையதன்று, எழுத்தாணி கீறிய கோட்டை மீட்டல் இயலாது. ஆதலின் பிழை செய்யும் உரிமையை மணலிலே வழங்கி, கை நிலைத்த பின்னரே ஓலையைக் கையில் அளித்தனர். இம்முறையில் அமைந்த நுட்பம் எண்ணத்தக்கது.

ஓலையைப் பதப்படுத்துதலும், அளவாக வாருதலும், துளையிட்டுக் கயிறு கோத்தலும், எழுதியபின் மஞ்சளும் கரியும் இலைச்சாறும் தடவி எழுத்தை விளங்கச் செய்தலும் எழுத்துத் தொழிலோடு ஒட்டியவை. தன் சுவடியைத் தானே ஆக்கிக்கொள்ளும் மாணவனுக்கு நூல் என்பது எங்கிருந்தோ வந்த பொருளன்று.

எண்ணும் இவ்வாறே. எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்பன திண்ணைப் பள்ளியிற் பயின்ற கணக்கு நூல்கள். நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா. இருபது மா ஒன்று. ஆகவே முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. வேலி நிலத்தில் இருபதில் ஒரு கூறும் மா என்றே வழங்கும். காணி என்னும் சொல்லும் நிலத்தைக் குறிக்கும். பின்னத்தின் பெயரும் வயலின் பெயரும் ஒன்றாயின. அவ்வாறே இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என ஓதிய சிறுவன், களத்துமேட்டில் அவ்வளவைகளைக் கண்ணாற் கண்டான்.

எனினும் திண்ணைப் பள்ளியை முழுமையான செயல்வழிக் கல்வி எனப் புகழ்தல் உண்மைக்கு மாறாகும். ஓதலும் ஒப்பித்தலுமே அதன் பெரும்பகுதி. பிரம்பும் அதன் ஆசிரியரே. வாய்பாட்டை ஒப்பித்தவன் அதன் பொருளை உணர்ந்தானா என்பது எப்போதும் வினவப்படவில்லை.

அப்பள்ளிகளின் பரப்பை 1822-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பால் அறிகின்றோம். மாவட்ட ஆட்சியர் அனுப்பிய பட்டியல்களைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டில் அவர் வரைந்த குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். மக்கட்டொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேர்க்கு ஒரு பள்ளி என்பது மன்றோவின் மதிப்பீடு. அம்மாணவருள் பெண்கள் 4,540 பேரே. பட்டியல்களை நோக்கின், தமிழ் வழங்கும் மாவட்டங்களில் வேளாளர் முதலிய பல வகுப்புப் பிள்ளைகளும் பெருந்தொகையாகப் பயின்றமை விளங்கும். இஃது அக்காலத்து ஐரோப்பிய நிலையோடு ஒப்பிடத்தக்க பெருமையே. ஆயினும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் மக்களுக்குத் திண்ணை ஏறும் வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. நெல்லை விதைத்து, நட்டு, அறுத்து, தூற்றிக் கையால் அளந்து கொட்டியவன் மகன் நெல்லிலக்கம் கல்லான். நெல்லிலக்கம் கற்றவன் சேற்றில் இறங்க வேண்டுவதில்லை. கையறிவு ஓரிடத்தும் ஏட்டறிவு ஓரிடத்தும் நின்றன. திண்ணை இரண்டையும் அருகருகே கொணர்ந்தது, ஆனால் ஒன்றாக்கவில்லை.

3. எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

திண்ணையின் மணல் கடல் கடந்த வரலாறு வியப்புக்குரியது. 1787-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரு பெல், 1789-இல் எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளர் ஆனார். கும்பினிப் படையிற் பணிபுரிந்த ஐரோப்பியரின் ஆதரவற்ற பிள்ளைகள் ஆண்டுப் பயின்றனர். ஒருநாள் அவர் குதிரைமேற் செல்லுங்கால், தமிழ்ச் சிறுவர் மணலில் விரலால் எழுதிக் கற்றலைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்துமாறு கீழ் ஆசிரியரிடம் கூறினார். அவர்கள் உடன்படவில்லை. அதன்மேல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக அமர்த்தினார். ஆசிரியர் இயலாதென்றதை அவன் செய்து காட்டினான்.

மணலெழுத்தும், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையும் சேர்ந்து ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றன. திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியும் இம்முறையோடு ஒத்தது. பெல் இம்முயற்சியைக் குறித்து 1797-இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 1811-இல் இங்கிலாந்தில் தோன்றிய தேசியச் சங்கத்தின் பள்ளிகள் அவர் முறையைப் பின்பற்றின. அவர் பொருளால் அமைந்த ‘மதராஸ் கல்லூரி’ அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் இன்றும் அப்பெயரோடு விளங்குகின்றது. மணலைக் காட்டிய தமிழ்ச் சிறுவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுதியது மணலில் அன்றோ!

இக்காப்பகத்தோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1794-ஆம் ஆண்டு மே மாதம் மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அளவையாளரை வரவழைத்தல் பெருஞ்செலவாதலின், காப்பகத்துச் சிறுவரைத் தேர்ந்து பழக்கலாம் என்பது அவர் கருத்து. எட்டுச் சிறுவரோடு பள்ளி தொடங்கிற்று. அவர்கள் கணக்கும் வானியலும் கற்றதோடு, கருவிகளைச் சுமந்து வெளியிற் சென்று நிலத்தை அளந்தும் கற்றனர். கோணத்தைப் பலகையில் வரைதல் வேறு. வெயிலில் நின்று, காற்றில் அசையும் கொடிக்கம்பத்தை நோக்கிக் கோணம் எடுத்தல் வேறு. பிற்காலத்தே கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது இப்பள்ளியே. ஈண்டு நாம் காண்பது யாது? எவ்வகைக் குலத் தொழிலும் இல்லாத ஆதரவற்ற சிறுவர் கையாலும் ஏட்டாலும் ஒருங்கே கற்று, புதிய தொழில் ஒன்றுக்கு உரியராயினர். செயல்வழிக் கல்வி பிறப்பினின்றும் பிரிந்த தொடக்கங்களுள் இஃது ஒன்று. ஆயினும் அவ்வாய்ப்பு நாட்டு மக்கள் யாவர்க்கும் அப்போது திறக்கவில்லை.

4. பட்டறை பள்ளியாதல்

1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சென்னையிற் கலைப் பள்ளியை நிறுவினார். அடுத்த ஆண்டில் தொழிற் பள்ளியையும் சேர்த்தார். 1855-இல் அரசு அதனை ஏற்றது. வரைதல், மரச்செதுக்கு, மண்கல வேலை, உலோக வேலை முதலியன ஆண்டுப் பயிற்றப்பட்டன. பட்டறையில் தந்தை மகனுக்குச் சொல்லாமற் சொன்னவற்றை, வகுப்பில் ஆசிரியர் எவர்க்கும் சொல்லிக் கற்பிக்கும் நிலை உண்டாயிற்று. இப்பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆண்டே தொடங்கி வளர்த்தார். இன்று நம் அடுக்களைதோறும் காணும் பொருளுக்கு ஒரு பள்ளிக் கூடமே பட்டறையாயிற்று.

ஆனால் பொதுக்கல்வி வேறு திசையிற் சென்றது. தேர்வும் சான்றிதழும் அலுவலகப் பணியும் கல்வியின் பயனாயின. ஏட்டறிவு உயர்வென்றும் கைத்தொழில் தாழ்வென்றும் முன்னரே இருந்த வேற்றுமை, ஊதிய வேற்றுமையாலும் உறுதிப்பட்டது. திண்ணை மறைந்தது, மணலும் மறைந்தது, ஒப்பித்தல் மட்டும் எஞ்சி நின்றது.

5. வார்தாத் திட்டம்

இந்நிலையை மாற்ற எழுந்த பெருமுயற்சி காந்தியடிகளின் ஆதாரக் கல்வி. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவிற் கூடிய மாநாட்டையடுத்து, ஜாகிர் உசேன் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. அக்குழுவில் தமிழர் இருவர் இருந்தனர்: தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா ஒருவர்; யாழ்ப்பாணத்தவராய், சாந்திநிகேதனத்தில் இரவீந்திரநாத தாகூருடன் பணியாற்றிய ஆரியநாயகம் மற்றொருவர்.

அத்திட்டத்தின் உயிர்நிலை, தொழிலைத் தனிப்பாடமாக வைக்காது, தொழில் வாயிலாகவே பிற பாடங்களைப் பயிற்றுதல். தக்கிளியில் நூற்கும் சிறுவன் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஓர் இராத்தல் எடையாகும் எனக் கண்டு நூலின் எண்ணை அறிவான். ஆண்டே பெருக்கலும் வகுத்தலும் எழும். பருத்தி விளையும் மண்ணைக் கேட்டால் நிலநூல். அது விலைபோன கதையைக் கேட்டால் வரலாறு. ஆசிரியர் இவ்வினாக்களை எழுப்ப வல்லராயின் இராட்டை ஒரு நூலகமாகும். வல்லரல்லராயின் அஃது இராட்டையே. பல பள்ளிகளில் நிகழ்ந்தது பின்னதே.

பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையாற் பள்ளிச் செலவை ஈடுசெய்தல் என்னும் கூறு தொடக்கத்திலேயே ஐயத்துக்கு உள்ளாயிற்று. அம்மாநாட்டிலேயே பேராசிரியர் கே. டி. ஷா இதனை மறுத்துப் பேசினார். விற்கும் பொருளை ஆக்க வேண்டிய கை, பிழை செய்யும் உரிமையை இழக்கும். மணலில் இருந்த உரிமை ஆண்டு இல்லை. நாம் மேலே கண்ட திண்ணையின் நுட்பத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

6. 1953-ஆம் ஆண்டின் படிப்பினை

வார்தாத் திட்டத்தின் வேறாகவும், அதன் பெயரால் ஓரளவு ஆதரிக்கப்பட்டும், சென்னை மாநிலத்தில் எழுந்தது 1953-ஆம் ஆண்டின் திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம். முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த இத்திட்டப்படி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் நாளொன்றுக்கு மும்மணி நேரம் என இரு வேளையாக நடைபெறும். ஒரு வேளை பயின்ற பிள்ளைகள் மற்றைப் பொழுதில் பெற்றோர் தொழிலிற் பழகுவர். பள்ளியும் ஆசிரியரும் போதாத நிலையில், இருக்கும் பொருளைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு கூறிய காரணம். அக்காரணத்தைப் பொய்யென்று தள்ளுதல் நேர்மையன்று. அன்றைய பொருள்முடை மெய்யே.

ஆயினும் எதிர்ப்புக் கடுமையாக எழுந்தது. திராவிடர் கழகத்தாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர். ஆளுங் கட்சியினுள்ளும் மாறுபட்டார் பலர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வெதிர்ப்பைக் கைத்தொழில்மீது கொண்ட வெறுப்பெனக் கருதுவது பிழை. இரண்டு வேறுபாடுகளை நாம் காணல் வேண்டும். முதலாவது, வார்தாத் திட்டம் தொழிலைப் பள்ளிக்குள் கொணர்ந்து ஆசிரியர் கண்ணெதிரே வைத்தது. 1953-ஆம் ஆண்டுத் திட்டமோ பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பியது. காலையில் ஏடு, மாலையில் கை எனப் பொழுதால் இரண்டையும் பிரித்தபின், ஒன்று மற்றொன்றை விளக்குவது எங்ஙனம்? இரண்டாவது, எத்தொழில் என்பதைப் பெற்றோர் தொழிலே வரையறுத்தது. எழுத்தர் மகனுக்கு அஃது இழப்பன்று. தோல் பதனிடுவார் மகனுக்கும் சலவைத் தொழிலாளர் மகளுக்கும் அது தலைமுறைகளாக அடைந்து கிடந்த கதவைப் பின்னும் அடைத்தலாகும். அன்றியும் இத்திட்டம் நகரங்களுக்கன்றிச் சிற்றூர்களுக்கே வகுக்கப்பட்டது. தன் கையால் உழைத்துச் சலித்தவன் தன் பிள்ளையின் கையில் ஏடு காண விழைந்தான். அவ்விழைவை அறியாமை என்றல் பொருந்தாது, அது வரலாற்றறிவு.

7. பிறப்பினின்றும் விடுபட்ட கை

அக்காலத்தை அடுத்தே, 1957-இல், மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவிற்று. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் அவர் மகனார் கணபதி ஸ்தபதி அதனை வளர்த்தார். பரம்பரைச் சிற்பியரே ஆசிரியர். கல்லும் சுதையும் உலோகமும் மரமுமே பாடம். சிற்ப நூலும் உடன் பயிற்றப்பட்டது. ஆனால் மாணவனாதற்குச் சிற்பியின் மகனாதல் வேண்டுவதன்று. மரபு குலைந்ததா? இல்லை; கற்பாரின் எல்லை விரிந்தது. 1953-ஆம் ஆண்டுத் திட்டம் பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கு அனுப்பிற்று; மாமல்லபுரம் தொழிலைப் பிறர் பிள்ளைகளுக்கும் கொணர்ந்தது. இரண்டும் கைக்கல்வியே எனினும் இவற்றினிடைக் கிடக்கும் தொலைவே நாம் கூற விழைவது.

இவ்வரலாற்றின் அண்மைக் கட்டம் 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். ரிஷி வேலிப் பள்ளியினர் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக வகுத்த முறையைத் தழுவிய இது, 2007-ஆம் ஆண்டையடுத்து மாநிலம் முழுதும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளையும் மணிகளையும் கையாண்டு, தத்தம் வேகத்திற் படிப்படியாக முன்னேறினர். எட்டும் உயரத்தில் அவரவர்க்குக் கரும்பலகைப் பகுதி அமைந்தது. எழுதி அழித்து மீண்டும் எழுதலாயினர். எழும்பூருக்குச் சென்ற மணல் வேறோர் உருவில் மீண்டு வந்ததெனலாம். அட்டைகளை வரிசைப்படி முடித்தலே நோக்கமாகிய இடங்களில் இதுவும் இயந்திரமாயிற்று என்னும் குறை கூறப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. முறைகள் மாறுகின்றன, வினா மாறவில்லை.

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபுகள் மூன்று. செய்து கற்றல் நம் நாட்டிற்குப் புதிதன்று என்பது ஒன்று. செயலொடு சிந்தனையும், பிழை செய்யும் உரிமையும் சேராத வழி அது வெறும் வேலையாய் முடியும் என்பது இரண்டாவது. யாருடைய கை, எத்தொழில், அது எக்கதவைத் திறக்கும் என்பவற்றைப் பிறப்பு முடிவு செய்யுமாயின், மிகச் சிறந்த முறையும் அநீதியாகும் என்பது மூன்றாவது. ஆகவே இனி எழும் எத்திட்டத்தையும், அதனை வகுத்தோர் தம் பிள்ளைகளுக்கும் அதனையே விரும்புவரா என்னும் ஒரு வினாவால் அளந்து காணல் தகும். நெல்லை அளந்தவன் மகளும் நெல்லிலக்கம் கற்று, நெல்லிலக்கம் கற்றவன் மகனும் நெல்லை நட்டறியும் பள்ளியே கையையும் ஏட்டையும் ஒன்றாக்கிய பள்ளியாகும்.